எங்கட சனம் கதைக்காதாம்! கேட்கிறதுக்கு ஆள் எங்கே?

“எங்கட சனம் மனநலத்தைப் பற்றிக் கதைக்காது.”

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் சங்கக் கூட்டத்தில் கேட்டிருப்பீர்கள். யாரோ ஒருவருடைய பொட்காஸ்டில் கேட்டிருப்பீர்கள். சொல்பவர் தலையை ஆட்டிக்கொண்டு சொல்வார், கேட்பவர்களும் தலையை ஆட்டுவார்கள். வெட்கம், கௌரவம், “நாலு பேர் என்ன சொல்லுவினம்” என்று எல்லாப் பழியும் அம்மா அப்பா தலையில் போய் விழும். பிறகு ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போவோம்.

அந்த வசனம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது பாதி உண்மை. மற்றப் பாதியை யாரும் சொல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு அம்மா வெட்கத்தையும் பயத்தையும் விட்டுவிட்டு, தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒன்ராறியோவில் ஒரு மருத்துவமனைக்கு வருகிறார் என்று வையுங்கள். அவர் சொல்வதை அவருடைய மொழியிலேயே கேட்டு விளங்கிக்கொள்ளவும், அதே மொழியில் சிகிச்சை செய்யவும் பயிற்சி பெற்ற உளவியலாளர் அங்கே இருக்கிறாரா? பெரும்பாலும் இல்லை. இது தற்செயலாக நடப்பதில்லை. அப்படி ஒருவர் உருவாக முடியாத விதத்தில்தான் எங்களுடைய பயிற்சி அமைந்திருக்கிறது. அதிலும் ரெசிடென்சி என்ற கடைசி ஆண்டுதான் பெரிய ஓட்டை.

அந்த ஆண்டை முடித்து வந்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ரெசிடென்சி என்றால் என்ன?

நான் ரெசிடென்சி செய்கிறேன் என்று சொன்னதும் எங்கள் வீட்டு மாமிமார் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி: “அப்ப நீர் டொக்டரோ?” அந்த டொக்டர் இல்லை, மாமி. மருந்து எழுதுகிற மனநல மருத்துவர் வேறு. பிள்ளைகளின் யோசனை, உணர்ச்சி, படிப்பு, நடத்தை ஆகியவற்றைச் சோதித்து, பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை செய்கிற உளவியலாளர் வேறு. நான் இரண்டாவது வகை.

அதற்கான பாதை நீளமானது. நான்கு ஆண்டு இளமாணிப் பட்டம், இரண்டு ஆண்டு முதுமாணி, பிறகு நான்கு ஆண்டோ அதற்கு மேலோ முனைவர் பட்டம். ரொறன்ரோவில் யோர்க் பல்கலைக்கழகம், ஓய்சி, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் போன்ற இடங்களில் இதைப் படிக்கலாம். ஒவ்வொரு ஆண்டும் மிகச் சிலரைத்தான் எடுப்பார்கள். படிக்கும்போதே கிளினிக்குகளில் குறைந்தது 600 மணி நேரம் பழக வேண்டும். பலர் ஆயிரத்தையும் தாண்டி விடுவார்கள், ஏனென்றால் அடுத்த படியில் போட்டி அப்படி.

அந்த அடுத்த படிதான் ரெசிடென்சி. ஒரு முழு ஆண்டு, குறைந்தது 1600 மணி நேரம், ஒரு மருத்துவமனையிலோ மனநல நிலையத்திலோ வேலை. ரொறன்ரோவில் சிக்கிட்ஸ், ஒட்டாவாவில் சியோ, ஹலிபக்ஸில் ஐடபிள்யூகே என்று கனடா முழுவதும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் ஓர் இடத்தில் எடுப்பது சில பேரைத்தான். நவம்பர், டிசம்பரில் விண்ணப்பம். அதற்கான கட்டணம் அமெரிக்க டொலரில். குளிர்காலத்தில் நேர்முகம். பிறகு நீங்கள் விரும்பும் இடங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், அவர்களும் உங்களை வரிசைப்படுத்துவார்கள். ஒரு கணினி இரண்டு பட்டியலையும் பொருத்தி, பெப்ரவரியில் முடிவு சொல்லும். வந்த முடிவை மாற்ற முடியாது. வன்கூவர் என்று வந்தால் வன்கூவர்தான்.

சம்பளம் உண்டு. ஆனால் ஒன்ராறியோவில் மருத்துவ ரெசிடென்ட் ஒருவருக்கு முதல் ஆண்டிலேயே 60,000 டொலருக்கு மேல் கிடைக்கும், எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. பத்து ஆண்டுக்கு மேல் படித்த பிறகு! வாடகைக்கு யாருடைய பேஸ்மென்டாவது கிடைக்குமா என்று தேடுகிற சம்பளம். வீட்டில் உதவி இருப்பவர்கள் தாங்குவார்கள், இல்லாதவர்கள் கடன் வாங்குவார்கள். எங்களுடைய குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது சரிவரும்? யார் வடிகட்டப்படுகிறார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இத்தனை கஷ்டத்திலும் அந்த ஆண்டின் பெறுமதி ஒரு விஷயத்தில் இருக்கிறது: மேற்பார்வை. வாரத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேரம், அனுபவமுள்ள உளவியலாளர் ஒருவர் உங்கள் வேலையைப் பார்த்துத் திருத்த வேண்டும். உங்கள் சந்திப்புகளின் வீடியோவைப் போட்டு நிறுத்தி நிறுத்திக் கேட்பார். “இந்த இடத்தில் ஏன் அவசரப்பட்டு ஆறுதல் சொன்னீர்? அந்தப் பிள்ளை இன்னும் முடிக்கவில்லையே.” ஒரு சொல்லை மாற்றச் சொல்வார். ஒரு மௌனத்தை நீட்டச் சொல்வார். புத்தகத்தில் படித்தது அப்படித்தான் கைக்கு வரும்.

படிவத்தில் ஒரு கேள்வி

ரெசிடென்சி விண்ணப்பப் படிவத்தில், சிகிச்சை செய்கிற அளவுக்கு ஆங்கிலம் தவிர வேறு எந்த மொழி தெரியும் என்று ஒரு கேள்வி வரும். நான் தமிழ் என்று எழுதினேன். நேர்முகங்களில் அதைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். “இது பெரிய சொத்து” என்றார்கள்.

சொத்துத்தான். ஆனால் அந்தச் சொத்தை என்ன செய்தார்கள் தெரியுமா?

எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே என்னோடு வேலை செய்தவர்கள் நல்ல மனிதர்கள், பிழை அவர்களுடைய குணத்தில் இல்லை. என்னுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு பிரிவிலிருந்து செய்தி வரும்: “உமக்குத் தமிழ் தெரியும்தானே, பத்து நிமிடம் வர முடியுமா?” பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகும். அங்கே ஒரு தாத்தாவுக்குப் படிவம் விளங்கப்படுத்துவேன், இங்கே ஒரு அம்மாவுக்கு ஊசியைப் பற்றிச் சொல்வேன். என் பயிற்சிக் கணக்கில் அதை எழுதுவதற்கு ஒரு பெட்டிகூட இல்லை. நான் விட்டுவிட்டு வந்த என் சொந்த வேலை இரவு எட்டு மணிக்கு மேசையில் காத்திருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. தமிழில் நான் நடத்திய சந்திப்புகளை யாரும் திருத்தவில்லை. என் மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது. வீடியோவைப் போட்டால் அவருக்கு முகங்கள் தெரியும், சத்தம் கேட்கும், அவ்வளவுதான். நான் ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்வதைத்தான் அவர் திருத்துவார். அதாவது, நான் செய்த வேலையை அல்ல, அதைப் பற்றி நான் சொன்ன கதையைத் திருத்தினார். ஆங்கிலத்தில் எனக்கு வாரம் நான்கு மணி நேரம் மேற்பார்வை. தமிழில் ஆண்டு முழுவதும் பூச்சியம்.

ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம், “வலது கையால் வெட்டுவதை நாங்கள் பார்த்துத் திருத்துவோம், இடது கையால் வெட்டுவதை நீரே பார்த்துக்கொள்ளும்” என்று எந்த மருத்துவமனையாவது சொல்லுமா? எங்களிடம் சொல்கிறார்கள். அதற்குப் பன்முகத்தன்மை என்று பெயரும் வைத்து, இணையத்தளத்தில் எங்கள் படத்தையும் போடுகிறார்கள்.

“அவன் யோசிக்கிறான்”

எந்தக் குடும்பத்தைப் பற்றியும் நான் இங்கே எழுத மாட்டேன். அது என் தொழிலின் முதல் விதி. ஆனால் சொற்களைப் பற்றி எழுதலாம்.

“அவன் சரியா யோசிக்கிறான்.” இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்? ‘அவன் சிந்திக்கிறான்’ என்றா? யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவர் “பிள்ளை யோசிக்குது” என்றால் அதற்கு அர்த்தம் பிள்ளை கவலைப்படுகிறது, அதே விஷயத்தைத் திரும்பத் திரும்ப மனதில் போட்டு உருட்டுகிறது, நித்திரை இல்லை. அது ஒரு நோய்க்குறி. தொலைபேசியில் வரும் மொழிபெயர்ப்பாளர் அதைச் ‘சிந்திக்கிறான்’ என்று மாற்றினால் அந்த நோய்க்குறி அங்கேயே செத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில் இதே மாதிரியான ஒரு சொல் இருக்கிறது. சிம்பாப்வேயின் ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’, அளவுக்கு மேல் யோசிப்பது. ஷோனாச் சொல்லைப் பின்னிணைப்பில் படித்துப் பரீட்சை எழுதிய எங்களுக்கு, பக்கத்து அறையில் இருக்கும் தமிழ் அம்மாவின் ‘யோசனை’யை யாரும் படிப்பிக்கவில்லை.

“ஒரே குழப்படி.” இது வெறும் விளையாட்டுத்தனமாகவும் இருக்கலாம், கவனக்குறைவுக் கோளாறாகவும் இருக்கலாம், வீட்டில் நடக்கும் ஏதோ ஒன்றுக்குப் பிள்ளை காட்டும் பதிலாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க அடுத்த கேள்வியைத் தமிழில் கேட்கத் தெரிய வேண்டும். “பிள்ளை ஏங்கிப் போச்சுது.” பயமா, பிரிவா, அதிர்ச்சியா? யுத்தத்தைப் பார்த்து வந்த ஒரு அப்பா “எனக்கு ஒண்டுமில்லை” என்று சொல்லும்போது அந்த ‘ஒண்டுமில்லை’க்கு எத்தனை அடுக்கு?

இவை வீட்டுத் தமிழ் தெரிந்ததால் மட்டும் வருவதில்லை. எனக்கும் உங்களுக்கும் தெரிந்தது சாப்பாட்டு மேசைத் தமிழ். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் தன்னைத் தானே காயப்படுத்துவதைப் பற்றி எப்படிக் கேட்பது, பயமுறுத்தாமல், வெட்கப்படுத்தாமல்? ஆங்கிலத்தில் எனக்கு அதைச் சொல்லித்தந்தார்கள், ஒத்திகை பார்க்க வைத்தார்கள். தமிழில் நானாகத்தான் தேட வேண்டியிருந்தது. மொழி தெரிவது ஒன்று, அந்த மொழியில் வைத்தியம் தெரிவது வேறொன்று. ஆங்கிலம் பேசுகிற எல்லோரும் உளவியலாளர் இல்லைத்தானே?

அவர்கள் சொல்லும் பதில்கள்

இதையெல்லாம் சொன்னால் வழக்கமாக நான்கு பதில் வரும்.

ஒன்று: “பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் தெரியும்தானே?” தெரியும். ஆனால் பிள்ளைகளுக்கான உளவியல் பிள்ளையோடு மட்டும் நடப்பதில்லை. ஓட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க, பிள்ளை எப்போது நடந்தது, எப்போது முதல் சொல் சொன்னது, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்ததா என்று பெற்றோரிடம் நுணுக்கமாகக் கேட்க வேண்டும். சிறு பிள்ளைகளின் நடத்தைப் பிரச்சினைகளுக்கு நன்றாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகளில் பாதிக்கு மேல் வேலை பெற்றோருடன்தான். பிசிஐடி என்று ஒரு முறை இருக்கிறது. அம்மா அறைக்குள் பிள்ளையோடு விளையாடுவார். சிகிச்சையாளர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, அம்மாவின் காதில் உள்ள சிறு கருவி வழியாக அந்த நொடியிலேயே சொல்லிக்கொடுப்பார். இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்தால், சொல் போய்ச் சேருவதற்குள் அந்த நொடி போய்விடும். அதோடு, அந்தச் சிகிச்சையில் பிள்ளையைக் குறிப்பாகப் பாராட்டச் சொல்வார்கள். எங்கள் வீடுகளில் “கெட்டிக்காரன்” என்போம், அது பிள்ளையைப் பற்றியது. “தங்கச்சிக்கு விட்டுக்குடுத்தது நல்ல வேலை” என்று செயலைப் பாராட்டுவது எங்களுக்குப் பழக்கமில்லை. அது தமிழில் நாடகம் மாதிரி ஒலிக்காமல் இருக்க என்ன சொல்ல வேண்டும்? யாராவது உட்கார்ந்து இதைப் பழகியிருக்க வேண்டாமா?

இரண்டு: “மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார்.” நல்ல மொழிபெயர்ப்பாளர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆனால் அவசரத்தில் அவர்கள் கிடைக்காதபோது யார் மொழிபெயர்ப்பது? பிள்ளைதான். உங்களில் எத்தனை பேர் பத்து வயதில் அம்மாவுக்காக பாங்கில் கதைத்திருப்பீர்கள்? அதே பிள்ளை தன் மனவழுத்தத்தைத் தானே அம்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டும் என்றால், அது எதைச் சொல்லும், எதை விழுங்கும்? அம்மா அழக் கூடாது என்பதற்காகச் சொல்லைக் குறைத்துச் சொல்லும். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மூன்று: “தமிழ் ஆளிடம் போக எங்களுக்கு விருப்பமில்லை, கதை வெளியே போய்விடும்.” இதைச் சொல்வது நிர்வாகம் இல்லை, நீங்கள்தான். இந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. ஸ்காபரோவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆகவே சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்ராறியோவின் 2017 ஆம் ஆண்டுப் பிள்ளைகள், இளையோர், குடும்பச் சேவைகள் சட்டப்படி, 12 வயது ஆனவர் பெற்றோரின் அனுமதி இல்லாமலே உளவளத்துணைக்குச் சம்மதம் கொடுக்கலாம். 16 வயதுக்குக் கீழே என்றால், பெற்றோரையும் சேர்ப்பது நல்லதா என்று சேவை தருபவர் உங்களோடு கதைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குத் துன்புறுத்தல், நீதிமன்ற உத்தரவு போன்ற சில காரணங்கள் தவிர, நீங்கள் சொன்னதை உளவியலாளர் வெளியே சொல்ல முடியாது. சொன்னால் அவருடைய அனுமதிப்பத்திரமே போகும். தமிழர் அல்லாதவரிடம் போவது உங்கள் உரிமை. ஆனால் தெரிவு என்பது இரண்டு கதவும் திறந்திருந்தால்தான். இப்போது ஒரு கதவுதான் இருக்கிறது. அதோடு, உங்களுக்கு வேண்டாம் என்ற தமிழ், உங்கள் அம்மாவுக்கு வேண்டியிருக்கலாம்.

நான்கு: “காசு இல்லை.” இதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். முதலில் ஊருக்குப் போய் வருவோம்.

யாழ்ப்பாணத்தில் முடிந்தது

எங்களில் பலர் மனநலத்தைப் பற்றிக் கதைக்கத் தமிழில் சொல்லே இல்லை என்று நினைக்கிறோம். பெரிய பிழை. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் அந்தச் சொற்கள் உருவாயின. மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே யுத்தம் மனங்களுக்கு என்ன செய்தது என்று எழுதினார். அவருடைய ஆங்கில நூல் 1998 இல் வந்தது. சாந்திகம் என்ற நிறுவனம் உளவளத்துணையாளர்களைத் தமிழில் பயிற்றுவித்தது. மனவடு, உளவளத்துணை, நெருக்கீடு என்ற சொற்களை அங்கே சாதாரண ஆசிரியர்களும் பயன்படுத்தினார்கள். மின்சாரம் இல்லாத, மருந்து தட்டுப்பாடான ஊரில் தமிழில் பயிற்சி கொடுக்க முடிந்தது. உலகத்தின் பணக்கார நாடுகளில் ஒன்றான கனடாவில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நாட்டில், முடியாதாம்.

சொல் இருக்கிறது, அறிவு இருக்கிறது, அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். எங்களுடைய பயிற்சித் திட்டங்கள் அவர்களைக் கேட்டதில்லை.

காசு இருக்கிறது

இனிக் காசு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் அமெரிக்க டொலர் 2018 இல் சேர்ந்து முடிந்தது. கனடாத் தமிழரும் அள்ளிக் கொடுத்தார்கள். பிறகு ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு 30 இலட்சம் டொலர், 2021 இல் இலக்கை எட்டியது. நடைபவனி, இராப்போசனம், பிறந்தநாள் பணம் என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கொடுத்தார்கள். அது எங்களுக்குப் பெருமை, அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் கணக்குப் பாருங்கள். 30 இலட்சத்தில் ஐம்பதில் ஒரு பங்கு 60,000 டொலர். குழந்தைகள் பிரிவில் ஒரு ரெசிடென்டின் ஓராண்டுச் சம்பளத்துக்குப் பெரும்பாலும் அது போதும். அதோடு, தமிழ் தெரிந்த பதிவுபெற்ற உளவியலாளர் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கான சம்பளம். அவர் ஸ்காபரோவில் இருந்தபடியே வீடியோ வழியாக மூன்று மருத்துவமனைகளின் ரெசிடென்ட்களை மேற்பார்வை செய்யலாம். இன்னொன்றும் கேளுங்கள். தமிழ் இருக்கை இருக்கும் அதே ஸ்காபரோ வளாகத்தில்தான் சிகிச்சை உளவியலுக்கான பட்டப்படிப்புத் துறையும் இருக்கிறது. ஒரே வளாகத்தில் ஒரு கட்டடத்தில் தமிழ், இன்னொரு கட்டடத்தில் உளவியல். இடையில் நடந்தே போகலாம்.

சங்க இலக்கியத்தைக் காப்பாற்ற நாங்கள் காசு சேர்த்தோம். நல்லது. தமிழ் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளை பதினாறு வயதில் யாரோடும் கதைக்க முடியாமல் அறையைப் பூட்டிக்கொண்டு இருந்தால், அந்தப் பிள்ளைக்கும் கொஞ்சம் சேர்க்கக் கூடாதா? வெளியே தனியாகப் போனால் ஒரு மணி நேரத்துக்கு 200 டொலருக்கு மேல் கேட்கிறார்கள், ஓகிப் அதற்குப் பணம் தராது. மருத்துவமனையில் காசில்லை, ஆனால் காத்திருக்க வேண்டும். 988 என்ற நெருக்கடி இலக்கம் 2023 முடிவிலிருந்து இருக்கிறது, நாளின் எந்த நேரமும் எடுக்கலாம், தேவைப்பட்டால் தயங்காமல் எடுங்கள். அதுவும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான்.

நான் கேட்பது மூன்றே மூன்று. தமிழில் செய்யும் வேலை பயிற்சி மணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். அந்த வேலையைத் தமிழ் தெரிந்த ஒருவர் மேற்பார்வை செய்ய வேண்டும், அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ரெசிடென்டை இலவச மொழிபெயர்ப்பாளராக ஓட விடக் கூடாது. இது தமிழருக்கு மட்டுமான சலுகையும் இல்லை. பஞ்சாபி, சோமாலி, உருது, கன்டனீஸ் பேசும் ரெசிடென்ட்களுக்கும் இதே கதைதான். நாங்கள் கேட்டு வாங்கினால் அவர்களும் வருவார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் தம்பி, தங்கச்சிக்கு: உளவியல் படிக்க வேண்டும் என்று ஆசை இருந்தால், “அதுக்கு வேலை இல்லை” என்று சொல்லும் மாமாவை நம்ப வேண்டாம். வேலை நிறைய இருக்கிறது, பாதைதான் நீளம். பாதை நீளம் என்று தெரிந்துகொண்டே தொடங்குங்கள். கூடவே தமிழையும் விடாதீர்கள். அம்மம்மாவிடம் போய், “உங்களுக்குக் கவலை வந்தா உடம்பில எங்க தெரியும்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் சொற்களை எழுதி வையுங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் அவை கிடைக்காது.

முதுமாணி, முனைவர் பட்டம் செய்கிறவர்களுக்கு: நேர்முகத்தில் உங்கள் தமிழைப் புகழ்ந்தால் நன்றி சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். “நான் தமிழில் செய்யும் சந்திப்புகளை யார் மேற்பார்வை செய்வார்?” பதில் இல்லாவிட்டால் அந்த அமைதி அறையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். ஒருவர் கேட்டால் சங்கடம். பத்துப் பேர் பத்து ஆண்டு கேட்டால் கொள்கை மாறும்.

உளவியலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களுக்கு: உங்கள் மாணவர் சங்கம் இந்த ஆண்டு மனநலக் கூட்டம் வைக்கும், எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் பகுதி மருத்துவமனையின் பயிற்சிப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். எங்கள் அம்மா அப்பாவின் வெட்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள், அவருடைய இடத்தில் தமிழில் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர் என்று. அவர் சொல்லும் எண்ணிக்கையை எனக்கும் எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு மருத்துவமனையாகப் பட்டியல் போடுவோம். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு அடுத்த முறை காசு சேர்ப்பவர்களிடமும் போவோம், மருத்துவமனை நிர்வாகங்களிடமும் போவோம்.